கைவிட்ட கொல்லை காடாக வேண்டுமா: விடுவதா, காப்பதா, நடுவதா?

“பென்னாகரம் பக்கத்தில் காட்டை ஒட்டி மூன்று ஏக்கர் மேட்டுக்கொல்லை. அப்பா இருந்தவரை சாமையும் கொள்ளும் விதைத்தார். நாங்கள் இப்போது ஓசூரில் இருக்கிறோம். யானைக்கும் பன்றிக்கும் பயந்து பங்கு வாரத்துக்குக்கூட யாரும் எடுப்பதில்லை. எட்டு வருஷமாகச் சும்மா கிடக்கிறது. காடாகவே ஆக்கிவிடலாம் என்று ஆசை. கன்று வாங்கி நடட்டுமா, அப்படியே விட்டால் தானாக வந்துவிடுமா?”

ஆடி பிறந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. அஞ்செட்டி, தளி, பாலக்கோடு, அரூர் என்று ஊர் மாறும், மற்றபடி கதை ஒன்றுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் கன்று என்ன விலை என்று விசாரித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். நர்சரிக்குப் போகும் முன் நிலத்துக்குப் போங்கள் என்பதுதான் நான் எல்லாருக்கும் சொல்வது. அங்கே ஏற்கெனவே என்ன உயிரோடு இருக்கிறது என்று பார்க்காமல் எந்த வழி சிக்கனம், எது வீண் என்று சொல்ல முடியாது.

## மழைக்காட்டுக் கணக்கும் நம் கணக்கும்

உழுவதை நிறுத்திய நிலம் எப்படிக் காடாகிறது என்பதைப் பற்றிக் கிடைக்கும் தகவலில் பெரும்பகுதி அமெரிக்கக் கண்டத்து வெப்பமண்டலக் காடுகளிலிருந்து வந்தது. லௌரென்ஸ் பூர்ட்டர் தலைமையிலான ஆய்வாளர்கள் அங்கும் மேற்கு ஆப்பிரிக்காவிலுமாக 77 இடங்களை ஆராய்ந்து 2021-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். மண் பத்து ஆண்டுக்குள் தேறிவிடுகிறது. இலை, தண்டு ஆகியவற்றின் தன்மைகள் பழைய காட்டுக்கு நெருங்க 25 ஆண்டு போதும். மரங்களின் பருமனும் காட்டின் அடுக்கமைப்பும் திரும்ப 25 முதல் 60 ஆண்டு ஆகும். மரத்திரளின் மொத்த எடையும் பழைய மர வகைகளின் கலவையும் மீள 120 ஆண்டுக்கு மேல். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் இருபதாம் ஆண்டில் முதுகாட்டின் 78 சதவீதத்தை எட்டிவிடுகிறதாம்.

மனதுக்கு இதமான செய்தி. ஆனால் இதைப் படித்துவிட்டு “இருபது வருஷம் விட்டால் போதும்” என்று பென்னாகரத்தில் உட்கார்ந்துகொண்டு முடிவெடுக்கக் கூடாது. இதே வரிசையில் 2016-ல் வந்த ஆய்வில், இருபது வயதான இளங்காடுகளில் மரத்திரளின் எடை ஹெக்டேருக்கு 20 டன்னிலிருந்து 225 டன் வரை இருந்தது. பதினோரு மடங்கு வித்தியாசம். அதற்குப் பெரிய காரணம் தண்ணீர். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் வருஷ மழை 800, 900 மில்லிமீட்டர் அளவில்தான். மாசியிலிருந்து சித்திரை வரை தரை வெந்து கிடக்கும். நம்முடையவை இலையுதிர்க் காடும் முட்காடும். ஆகவே அந்தப் பட்டியலில் மெதுவான பக்கத்தில்தான் நம் நிலத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

நமக்கு ஓர் அனுகூலமும் உண்டு. மழைக்காட்டின் முதுமரங்கள் பெரும்பாலும் விதையாக வெளியிலிருந்து வந்து சேர வேண்டும். நம் உசிலை, வெள்வேல், வெப்பாலை, பொரசு, வேம்பு இவையெல்லாம் வெட்டினால் துளிர்க்கும், வேரிலிருந்தும் கிளம்பும். மேலே ஒன்றுமில்லாத நிலத்துக்கு அடியில் ஒரு காடு காத்திருக்கலாம்.

## முடிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

நிலத்துக்கு முன்பு என்ன நடந்தது? எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய கேள்வி. பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வடக்கே அமேசான் காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கினார்கள், பிறகு கைவிட்டார்கள். வெட்டியதோடு தீ வைக்காமல் விட்ட இடங்களில் செக்ரோப்பியா என்ற மரம் விரைந்து எழுந்தது, அதன் நிழலில் மற்ற வகைகள் வந்து சேர்ந்தன. புல்லுக்காகத் திரும்பத் திரும்பத் தீ வைத்த இடங்களில் விஸ்மியா என்ற ஒரே மரம் பிடித்துக்கொண்டு, பல ஆண்டுகளாக வேறு எதற்கும் எளிதில் வழிவிடவில்லை. ஒரே மழை, பக்கத்திலேயே அதே பெருங்காடு. பழைய பிழைப்பு வேறு, அவ்வளவுதான்.

நம் ஊரில் இந்தக் கேள்வியை நான் இப்படிக் கேட்பேன்: மாட்டு ஏர் ஓட்டிய கொல்லையா, டிராக்டர் ஓட்டியதா, ஜேசிபி இறங்கியதா? மரக்கலப்பை அடிக்கட்டையைச் சுற்றிக்கொண்டு போகும். டிராக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்துவிடும். ஜேசிபி சமன் செய்த இடத்தில் மேல்மண்ணோடு வேரும் போய்விட்டது, மிஞ்சியது சரளைதான். இந்த மூன்றையும் ஒரே “தரிசு” என்ற சொல்லால் அழைப்பதில்தான் தப்பான முடிவுகள் தொடங்குகின்றன.

அடிக்கட்டை உயிரோடு இருக்கிறதா? சில வருஷம் முன்பு சின்னாற்றுப் பக்கம் ஒரு கொல்லையில் நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைப் பார்த்து ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கேட்டார்.

“என்ன தம்பி தேடுற?”

“கட்டை ஏதும் இருக்குதான்னு பாக்குறேன் தாத்தா.”

“மேலாக்கப் பாத்தா எங்க தெரியும்? வரப்போரம் மண்ணைக் கீறிப் பாரு. வருஷா வருஷம் நாங்க வெட்டிக்கினே வந்தோம், அது சாகல.”

கீறிப் பார்த்தேன். என் முழங்கை அகலத்துக்கு உசிலைக் கட்டை, முடிச்சு முடிச்சாக. விளிம்பில் ஏழு துளிர். ஏழும் ஒரே உயரத்தில், சாண் அளவுக்குக் கடிபட்டிருந்தன. ஆட்டின் வாய் எட்டும் இடத்தில் ஒரு மரம் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் புல் போல நின்றுகொண்டிருக்கும்.

ஆடு, தீ, உண்ணிச்செடி (லாண்டானா). கொல்லையில் ஆவாரையும் விராலியும் எருக்கும் மட்டும் செழித்திருந்தால், ஆடு வேண்டாமென்று ஒதுக்கியது மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். உண்ணிச்செடி ஆளுயரத்துக்குப் புதராகிவிட்டால் அதன் கீழே முளைக்கிற கன்றுக்கு வெளிச்சம் கிடையாது. தீ வந்தால் அதுதான் முதலில் பற்றும், முதலில் துளிர்ப்பதும் அதுவே.

விதை வரும் தூரம். நல்ல காடு சில நூறு மீட்டருக்குள் இருந்தால் பறவையும் மரநாயும் கரடியும் உங்களுக்காக வேலை செய்யும். கொன்றைப் பழம் தின்ற கரடியின் எச்சத்தில் வரிசையாக முளைத்த கன்றுகளை அஞ்செட்டிப் பக்கம் பார்க்கலாம். காவிரி வடக்கு (2014), காவிரி தெற்கு (2022) வன உயிரினச் சரணாலயங்களின் ஓரத்து ஊர்களுக்கு இந்த வசதி உண்டு. காரிமங்கலத்தில் சுற்றிலும் மாந்தோப்பு இருக்கும் நிலத்துக்கு அது கிடையாது.

உங்களால் எத்தனை வருஷம் வர முடியும்? பணத்தைக் கடைசியில் கேட்கிறேன். முதல் மூன்று கோடையில் மாதம் ஒரு முறையாவது வந்து பார்க்க முடியாதவர், எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் நடும் வழிக்குப் போக வேண்டாம்.

## ஒன்று: அப்படியே விட்டுவிடுவது

செலவே இல்லாத வழி என்று நினைக்கிறோம். பல இடங்களில் அருமையாக வேலை செய்திருக்கிறது. போர்ட்டோ ரிக்கோ தீவில் 1940களின் இறுதியில் காடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. கரும்பையும் காப்பியையும் விட்டுவிட்டு மக்கள் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். 1990களில் தீவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு காடு. யாரும் நட்டதல்ல. தளியிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் ஓசூர் பஸ் ஏறுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தீவுதான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே திரும்பியது பழைய காடு இல்லை. கைவிட்ட பண்ணைகளில் அதிகமாக எழுந்தது ஆப்பிரிக்கத் துலிப் மரம், வெளியூர்க்காரன். அதன் நிழலில்தான் நாட்டு மரங்கள் மெல்ல வந்தன.

தானே வளரவிட்ட காடுகள், நட்ட காடுகளைவிட நன்றாக மீள்கின்றன என்று 2017-ல் 133 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். பலர் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். அதற்கு வந்த மறுப்பு எனக்கு நியாயமாகப் படுகிறது: விட்டு வைத்தவை பெரும்பாலும் நல்ல நிலங்கள், நட்டவை பெரும்பாலும் தானாக வராத நிலங்கள். வீட்டில் இருப்பவர்களையும் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களையும் ஒப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் உடம்பு கெட்டது என்று சொல்ல முடியுமா?

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் இதில் உண்டு. கிராம அடங்கல் கணக்கில் வருஷா வருஷம் தரிசு என்று ஏறும். எல்லைக்கல் புதருக்குள் மறையும், பக்கத்து வரப்பு நகரும். எல்லாவற்றையும்விட, உண்ணிப் புதர் காட்டுப்பன்றிக்குப் பகலில் படுக்கும் இடமாகிவிடும். ராவோடு ராவாக அது மேய்வது பக்கத்துக் கொல்லை நிலக்கடலையை. உங்கள் காடு வளர்வதற்கு அவர் பயிரை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

எங்கே பொருந்தும்: காட்டை ஒட்டி, மாட்டு ஏரோடு நின்ற, ஆடு அதிகம் வராத, உண்ணி இன்னும் மூடாத நிலம். அப்படிப்பட்ட நிலம் வைத்திருப்பவர் கொடுத்து வைத்தவர்.

## இரண்டு: நடாமல் காவல் காப்பது

நான் அதிகம் சொல்வது இந்த வழியைத்தான், கேட்பவர்கள் அதிகம் தட்டிக்கழிப்பதும் இதைத்தான். காரணம், போட்டோ எடுக்க இதில் ஒன்றுமில்லை.

வேலை நான்குதான். இருக்கும் துளிரையும் கன்றையும் தேடிக் குறிப்பது. அதைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் புல்லையும் களையையும் அகற்றுவது. ஒரு கட்டையில் ஏழு துளிர் இருந்தால் தெம்பான இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிப்பது. ஆட்டையும் தீயையும் வெளியே நிறுத்துவது.

கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்டே நமக்கு மழைக்காடுகளைவிட நெருங்கிய சொந்தம், அது வறண்ட காட்டுப் பகுதி. டேனியல் ஜான்சென் என்ற உயிரியலாளர் 1980களிலிருந்து மற்றவர்களோடு சேர்ந்து அங்கே பழைய மேய்ச்சல் நிலங்களைக் காடாக்கும் வேலையில் இருக்கிறார். பெரிய வேலை நடுவது அல்ல, தீயை நிறுத்தியதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புல் கோடையில் எரிந்து கன்றுகளைத் தின்றுகொண்டிருந்தது. மரங்கள் தலையெடுக்கும் வரை அந்தப் புல்லைக் குறைக்க மாடுகளையே மேயவிட்டார்கள். நம் ஊரிலும் அது சரிப்படும்: மாடு புல்லைத் தின்னும், வெள்ளாடு மரக்கன்றைத் தேடிப்போய்த் தின்னும். மாட்டுக்காரரிடம் பேசி மழைக்காலத்துக்குப் பிறகு சில வாரம் விடச் சொல்லலாம். வெள்ளாட்டுக்கு மட்டும் இடம் கொடுக்கக் கூடாது.

உண்ணிச்செடியை மேலோடு வெட்டினால் இரண்டு மழையில் இரண்டு மடங்காக வரும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு காட்டிய முறை எளிது: மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவது. காய்ந்து போகும். பழம் விடும் முன் செய்ய வேண்டும். மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும் என்பதால் அடுத்த இரண்டு மூன்று மழைக்காலத்திலும் கையால் பிடுங்க வேண்டும். இந்த வழியின் மறைந்த செலவு இந்த மறுநடைதான். முதல் வருஷம் ஆள் கூலி கொடுத்து, இரண்டாம் வருஷம் விட்டுவிட்டவர்கள் முதல் வருஷக் கூலியையும் இழந்தார்கள்.

வேலிக்குக் கம்பி தேவையில்லை. மழைக்கு முன் கிளுவைக் குச்சி நெருக்கமாக ஊன்றினால் இரண்டு வருஷத்தில் உயிர்வேலி. யானையை அது நிறுத்தாது, நிறுத்தவும் முயல வேண்டாம். தீ தாண்டாமலிருக்கத் தீக்கோடு வேண்டும்; தை முடிவதற்குள் சுற்றிலும் பத்தடி அகலம் செதுக்கிவிட வேண்டும், பங்குனியில் செதுக்கி என்ன பயன்?

## மூன்று: திட்டுத் திட்டாக நடுவது

கோஸ்டா ரிக்காவின் தெற்கே, கேரன் ஹால், ராக்கன் சஹாவி இருவரும் 2004 முதல் மூன்று வழிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்: ஒன்றும் நடாதது, நிலம் முழுக்க நட்டது, சிறு திட்டுகளாக மட்டும் நட்டது. திட்டு முறைக்கு, முழுக்க நட்டதில் கால் பங்குக்குச் சற்று மேலான கன்றுகளே போயின. ஆனால் பறவைகள் விதை கொண்டுவந்து புதுக்கன்றுகள் முளைப்பதில் அது முழு நடவுக்கு ஈடு கொடுத்தது. திட்டுகள் வெளிப்பக்கமாக விரிந்து ஒன்றையொன்று தொட்டன.

நெல் வயலில் பூச்சிக்காகப் பறவைத் தாங்கி நடுகிறோமே, அதே யோசனைதான், மரத்தால் செய்தது. வெறும் குச்சி நட்டாலும் பறவை உட்கார்ந்து விதை போடும், ஆனால் கீழே புல் மூடியிருந்தால் விதை விதையாகவே போகும். மரத்தின் நிழல் புல்லையும் அடக்குகிறது.

இங்கே திட்டுக்கு ஆல், அரசு, அத்தி, நாவல், புங்கன், வேம்பு, நெல்லி, வெள்வேல் எடுக்கலாம். ஏக்கருக்கு நான்கைந்து திட்டு, திட்டுக்கு இருபது கன்று என்றால் நூறு கன்றுக்குள் அடங்கும். தண்ணீர் ஊற்றும் ஆள் திட்டுக்குத் திட்டு நடந்தால் போதும். கரையான் எந்தத் திட்டில் ஏறியது, முயல் எதைக் கடித்தது என்று கண்ணில் படும். உண்ணி மூடிய நிலத்திலும் திட்டளவுக்குச் சுத்தம் செய்து தொடங்கலாம். காரிமங்கலம் மாதிரி விதை வர வழியில்லாத இடத்தில் மட்டும் திட்டுகள் திட்டுகளாகவே நின்றுவிடும்.

## நான்கு: முழுக்க நடுவது

ஜேசிபி இறங்கிய நிலத்துக்கும், காடு தொலைவில் இருக்கும் நிலத்துக்கும் இதுதான் வழி. தாய்லாந்தின் சியாங் மாய்ப் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்கும் காடு மீட்பு ஆய்வுப் பிரிவினர் 20, 30 வகை உள்ளூர் மரங்களை நெருக்கி நட்டு, நிழலால் களையை அடக்கி, பறவைகளை இழுக்கிறார்கள். அது நடக்கும், ஆனால் தண்ணீர்க் கணக்கைப் போட்டுவிட்டு இறங்க வேண்டும்.

பத்தடிக்குப் பத்தடி என்றால் ஏக்கருக்கு 435 குழி. கோடையில் வாரத்துக்குக் கன்றுக்குப் பத்து லிட்டர் வைத்தால் 4,350 லிட்டர், ஏறக்குறைய ஒரு டிராக்டர் டேங்கர். மாசி முதல் வைகாசி வரை பதினாறு பதினேழு நடை, இரண்டு கோடைக்கு முப்பதுக்கு மேல். மிக நெருக்கி நடும் மியாவாக்கி முறை கேட்பவர்களுக்கு: சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்றால் ஏக்கருக்கு 12,000-க்கு மேல். பள்ளிக்கூட மூலையில் பத்து சென்ட் நிலத்துக்கு அது அழகு. பென்னாகரத்து மேட்டுக்கொல்லை மூன்று ஏக்கருக்கு அதைச் சொல்கிறவர் தண்ணீரை யார் கொண்டுவருவது என்றும் சொல்ல வேண்டும்.

என் மாமா கொல்லையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். இலவசக் கன்று தருகிறோம் என்று வந்தவர்கள், “முதலில் புதரைச் சுத்தம் செய்யுங்கள்” என்றார்கள். ஜேசிபி வந்தது. அந்தப் புதரில் பாதிக்கு மேல் உசிலையும் வெப்பாலையும் துளிர்த்தவை, இடுப்பளவு வந்திருந்தன. எல்லாவற்றையும் வேரோடு தோண்டி ஓரத்தில் குவித்துவிட்டுக் குழி எடுத்தோம். நானும் நின்று மண்வெட்டி பிடித்தேன். பங்குனியில் போனபோது குழிக்குக் குழி குச்சி நின்றது. குவித்துப்போட்ட குவியலில், மண் ஒட்டியிருந்த ஓர் உசிலைக் கட்டை மட்டும் துளிர் விட்டிருந்தது.

## விலைமரம் வைத்தால்?

தைலமரம், மலைவேம்பு, சவுக்கு எல்லாம் பயிர்தான். பணம் தேவைப்படுகிறவர் வைப்பதில் தப்பில்லை, அதைக் காடு என்று எண்ணிக்கொள்ளாதவரை. வருமானமும் வேண்டும், மரமும் நிற்க வேண்டும் என்றால் வீட்டுப்பக்கம் அரை ஏக்கர் புளி வைத்துவிட்டு மீதியை மேலே சொன்ன வழிகளில் விடலாம். சந்தனம் தானாக முளைத்தால் வைத்திருங்கள். வெட்டுவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், திருட்டு பயமும் உண்டு.

கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்கும் இன்னொன்று, மாங்கூழ் ஆலைக் கழிவு. குவானகாஸ்டேயில் 1990களில் சுமார் 12,000 டன் ஆரஞ்சுத் தோலை மூன்று ஹெக்டேர் பாழ்நிலத்தில் கொட்டினார்கள். பதினாறு ஆண்டு கழித்துப் பார்த்தால் பக்கத்தில் கொட்டாத நிலத்தைவிட மரத்திரள் 176 சதவீதம் கூடுதல். ஆசை வரும். ஆனால் மாந்தோலும் கொட்டையும் யானையையும் கரடியையும் ஊருக்கு அழைத்து வரும், சாறு கிணற்றில் இறங்கும். மக்கவைத்த உரமாகக் குழிக்குப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | விட்டுவிடுவது | காவல் காப்பது | திட்டு நடவு | முழு நடவு |
|---|---|---|---|---|
| பணம் போவது | இல்லை என்ற தோற்றம் | களை, வேலி, தீக்கோட்டுக் கூலி | அதோடு ஏக்கருக்கு நூறு கன்று, கொஞ்சம் தண்ணீர் | குழி, கன்று, டேங்கர் |
| மறைந்த செலவு | எல்லைத் தகராறு, பன்றி, உண்ணி | இரண்டாம், மூன்றாம் வருஷ மறுநடை | திட்டுக்குத் திட்டு வேலி | இருக்கும் துளிரை அழித்துவிடும் ஆபத்து |
| நீங்கள் வர வேண்டியது | வருஷம் ஒரு முறை | மூன்று வருஷம், மாதம் ஒரு முறை | அதே, கோடையில் வாரந்தோறும் | இரண்டு மூன்று கோடை முழுக்க |
| ஏற்ற நிலம் | காட்டோரம், மாட்டு ஏர், ஆடு குறைவு | கட்டை உயிரோடு, ஆடும் தீயும் உள்ள இடம் | கட்டை குறைவு, காடு அருகில் | மேல்மண் போனது, காடு தொலைவில் |
| ஏற்காத நிலம் | உண்ணி மூடியது | ஜேசிபி இறங்கியது | விதை வர வழியில்லாதது | தண்ணீர் இல்லாதது, துளிர் நிறைந்தது |

## அந்த மூன்று ஏக்கருக்கு

ஒரே நிலத்தில் ஒரே வழிதான் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பென்னாகரத்துக்காரருக்கு நான் சொன்னது: காட்டை ஒட்டிய பக்கம் காவல், நடுவில் டிராக்டர் ஓடிய பகுதியில் நான்கைந்து திட்டு, பக்கத்துக் கொல்லையை ஒட்டிய முப்பதடியை உண்ணி இல்லாமல் திறந்த புல்லாக வைத்துக்கொள்ளுங்கள். பன்றி பகலில் ஒளிய இடமிருக்காது, பக்கத்துக்காரரோடு பேச்சும் நிற்காது.

அதற்கு முன் ஒரு வேலை. முதல் நல்ல மழை பெய்து பத்து நாள் கழித்து, பழைய சிவப்புத் துணியை நாடாவாகக் கிழித்து எடுத்துக்கொண்டு வரப்போரமிருந்து தொடங்குங்கள். மரவகைத் துளிரோ கன்றோ எது கண்ணில் பட்டாலும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அதில் ஒரு நாடா. ஏக்கருக்கு இருநூறைத் தாண்டினால் நர்சரிப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கைக்கணக்கு. ஐம்பதுக்குக் கீழே என்றால் திட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவே என்றால் ஒரு வருஷம் காவல் போட்டுவிட்டு மறுபடி எண்ணுங்கள். கார்த்திகையில் இன்னொரு முறை போய், குச்சியும் நாடாவும் இருந்து துளிர் இல்லாத இடங்களை மட்டும் ஒரு தாளில் புள்ளி வையுங்கள். புள்ளிகள் நெருங்கி நிற்கும் பக்கம்தான் ஆடு வரும் வழி. கிளுவை வேலியை அங்கிருந்து தொடங்குங்கள்.